ஆன் ஆனால் போதுமா? கம்ப்யூட்டர் முழுதாக எழுந்ததா என்பதை அறிவது எப்படி

 

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நம் பகுதி மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. தண்ணீர் வடிந்த பிறகும் கரண்ட் ஒழுங்காக நிற்கவில்லை. வரும், பத்து நிமிடம் இருக்கும், போய்விடும். அந்த நாட்களில் அரிசி, பாய், போர்வை கேட்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தவர்களுக்கு நடுவே ஒரு தாயார் துணிப்பையில் லேப்டாப்பைச் சுற்றி எடுத்து வந்தார்.

"பாய், ஆன் ஆகுது. ஆனா உள்ள போக மாட்டேங்குது. நாளன்னிக்குப் புள்ளைக்கு உதவித்தொகை விண்ணப்பம் கடைசி தேதி. சர்ட்டிபிகேட் எல்லாம் இதுலதான் இருக்கு. கடையில கேட்டா, ஓ.எஸ். போயிடுச்சு, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணும்னு சொல்றாங்க" என்றார்.

நாங்கள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் இதே நிலையில் வேறொரு குடும்பம் சரி என்று சொல்லிவிட்டது. லேப்டாப் புதிதுபோல வந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் அத்தா மவ்த்தாவதற்கு முன் எடுத்த போட்டோக்கள் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை. இன்றுவரை அந்தத் தாயின் முகம் எங்கள் கண்ணில் நிற்கிறது.

அதனால் இந்த இதழில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். கம்ப்யூட்டர் "ஆன் ஆகிறது" என்பதும் "முழுதாக எழுந்துவிட்டது" என்பதும் ஒன்றா? முழுதாக எழுந்ததா இல்லையா என்பது அந்த மெஷினுக்கே தெரியுமா? தெரியும் என்பதுதான் பதில். அது கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்காமல் நாம்தான் அவசரப்படுகிறோம்.

பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது?

ஃபஜ்ருக்கு எழுகிற மனிதனை எடுத்துக்கொள்வோம். கண் திறப்பது ஒன்று, எழுந்து உட்காருவது ஒன்று, ஒளு செய்து தயாராவது ஒன்று. கண் திறந்துவிட்டான் என்பதற்காக எழுந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. கம்ப்யூட்டரும் இப்படிப் படிப்படியாகத்தான் எழுகிறது.

முதலில் மதர்போர்டில் உள்ள சிறு சிப் ஒன்றில் எழுதப்பட்ட புரோகிராம் விழிக்கிறது. பழைய மெஷினில் இதற்கு பயாஸ் என்று பெயர், புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ. ரேம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று இது பார்க்கும். கம்பெனியின் லோகோ திரையில் தெரிவது இந்தக் கட்டத்தில்தான். ரேம் கழன்றிருந்தால் சில மெஷின்கள் பீப் பீப் என்று கத்துவதும் இங்கேதான்.

இரண்டாவது, பூட் லோடர். டிஸ்க்கில் ஓ.எஸ். எங்கே இருக்கிறது என்று தேடி அதை எழுப்பிவிடுவது இதன் வேலை. மூன்றாவது, ஓ.எஸ்.-ன் மையப் பகுதியான கெர்னல் ரேமுக்குள் ஏறுகிறது. நான்காவது, அதன் பின்னால் நெட்வொர்க், பிரிண்டர், ஆன்டிவைரஸ் போன்ற பல சேவைகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. கடைசியில் பாஸ்வேர்டு கேட்கும் திரை, அதன்பின் டெஸ்க்டாப்.

"ஆன் ஆகுது, உள்ள போகல" என்று நாம் சொல்வது இந்தப் படிகளில் ஏதோ ஒன்றில் நின்றுவிட்டது என்பதையே. எந்தப் படியில் நின்றது என்று கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். லோகோவே வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் பொருளில், அதாவது ரேம், சார்ஜர், திரை போன்றவற்றில் இருக்கும். லோகோ வந்து அதன்பின் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் ஓ.எஸ்.-ஐயோ டிஸ்க்கையோ பார்க்க வேண்டும்.

விழுந்தவன் வந்து சொல்ல முடியாதே!

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நன்றாக எழுந்த கம்ப்யூட்டர் "நான் எழுந்துவிட்டேன்" என்று எழுதி வைக்கலாம். பாதியில் விழுந்த கம்ப்யூட்டர் "நான் விழுந்துவிட்டேன்" என்று எப்படி எழுதும்? எழுதுவதற்குத்தான் அது எழுந்திருக்கவில்லையே!

இதற்குக் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது. மதரஸா விடுதியில் வெளியே போகிற மாணவர்களுக்கு ஒரு நோட்டு இருக்கும். வெளியே போகும்போது பெயரும் நேரமும் எழுதிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் எதிரே கையெழுத்துப் போட வேண்டும். இரவு உஸ்தாது நோட்டைப் புரட்டுவார். எதிரே கையெழுத்து இல்லாத பெயர்தான் திரும்பி வராத பிள்ளை. அந்தப் பிள்ளை வந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. காலியாக இருக்கும் கட்டமே சொல்லிவிடும்.

கம்ப்யூட்டரும் இதையே செய்கிறது. ஓ.எஸ்.-ஐ எழுப்பும் முன்பே "இதோ முயற்சி செய்கிறேன்" என்று ஒரு குறி போட்டுவிடுகிறது. முழுதாக எழுந்த பிறகு அந்தக் குறியை அழிக்கிறது. அடுத்த முறை பட்டனை அழுத்தும்போது பழைய குறி அழியாமல் இருந்தால், போன முறை பாதியில் நின்றுவிட்டது என்று அதற்குப் புரிந்துவிடும்.

உபுண்டு லினக்ஸில் பூட் லோடரான கிரப் இதற்கென்று 1,024 பைட் அளவுள்ள சிறு கோப்பு ஒன்றை வைத்திருக்கிறது. அதில் "ரெக்கார்டுஃபெயில்" என்ற குறி விழும். எழுந்ததும் அழியும். அழியாமல் இருந்தால் அடுத்த முறை நேராக உள்ளே போகாமல் மெனுவைக் காட்டி 30 விநாடி காத்திருக்கும். "போன தடவை சரியாக வரவில்லை, வேறு வழியில் போகிறீர்களா?" என்று நம்மைக் கேட்பதுதான் அது. பலர் அந்த மெனுவைக் கண்டதும் பயந்து பட்டனை அமுக்கி அணைத்துவிடுகிறார்கள்.

விண்டோஸும் இதுபோன்ற குறிப்பைத் தன் போல்டருக்குள் ஒரு கோப்பில் வைத்திருக்கிறது. தொடர்ந்து இரண்டு முறை எழ முடியாமல் போனால், அடுத்த முறை தானாகவே "ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்ற பழுதுபார்க்கும் பகுதிக்குப் போய்விடும். நீலமோ கறுப்போ அந்தத் திரை வந்தால் மெஷின் செத்துவிட்டது என்று பொருள் இல்லை. தன்னைத் தானே சரிபார்க்கத் தொடங்கிவிட்டது என்றே பொருள்.

எப்போது "வெற்றி" என்று சொல்வது?

பைக்கை உதைத்ததும் இன்ஜின் ஓடுகிறது. தெருமுனை தாண்டுவதற்குள் ஆஃப் ஆகிவிட்டால் "ஸ்டார்ட் ஆச்சு" என்று சொல்வோமா? கம்ப்யூட்டர் செய்தவர்களுக்கும் இந்தக் கேள்வி வந்தது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பயனர் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்துவிட்டால் அது நல்ல தொடக்கம் என்று கணக்கு. அந்த அமைப்பை "கடைசியாக நன்றாக இருந்தது" என்று சேமித்துக்கொள்ளும். பிறகு ஏதாவது கெட்டுப்போனால் எஃப்8 பட்டனை அழுத்தி அந்தப் பழைய நல்ல அமைப்புக்குத் திரும்பலாம்.

உள்ளே நுழைந்த அடுத்த நொடியே விழுகிற மெஷின்களும் உண்டு. அதனால் ஃபெடோரா என்ற லினக்ஸில், பயனர் உள்ளே நுழைந்து 2 நிமிடம் ஆன பிறகுதான் "வெற்றி" என்று குறி போடுகிறார்கள். இன்றைய விண்டோஸும், எழுந்து முடித்த 2 நிமிடத்துக்குள் தொடர்ந்து இரண்டு முறை திடீரென அணைந்துபோனால் அதையும் கோளாறாகவே எடுத்துக்கொண்டு பழுதுபார்க்கப் போகிறது. எழுந்தால் மட்டும் போதாது, நிற்கவும் வேண்டும் என்பதே கணக்கு.

நம் கையில் உள்ள போனிலும் இது நடக்கிறது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பல போன்களில் ஓ.எஸ்.-க்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்றில் நாம் பயன்படுத்தும் பழையது. அப்டேட் வந்தால் மற்றதில் புதியது இறங்குகிறது. ரீஸ்டார்ட் செய்ததும் புதியதை முயன்று பார்க்கும். அது நன்றாக எழுந்தால்தான் "வெற்றி" என்று குறி விழும். சில முறை முயன்றும் எழவில்லை என்றால் போன் தானாகப் பழையதற்கே திரும்பிவிடும். புதிய வீட்டில் குடியேறி எல்லாம் சரி என்று தெரியும்வரை பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்காமல் வைத்திருப்பது போல.

85 லட்சம் கம்ப்யூட்டர்கள் எழாத நாள்

இது வீட்டு லேப்டாப்போடு நிற்கிற விஷயம் இல்லை. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டில் பிழை. நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு அது கிளம்பியது. பெற்றுக்கொண்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் எழும், நீலத் திரையைக் காட்டி விழும், மீண்டும் எழும், மீண்டும் விழும். உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் திணறின. நம் நாட்டு விமான நிலையங்களிலும் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

78 நிமிடத்தில், 10.57 மணிக்கே, அந்த நிறுவனம் பிழையைத் திருத்திவிட்டது. ஆனால் விழுந்த மெஷின்களில் பலவற்றுக்குத் திருத்தம் போய்ச் சேரவில்லை. நெட்டில் இருந்து திருத்தத்தை வாங்க வேண்டுமானால் முதலில் மெஷின் எழுந்து நிற்க வேண்டும், அதுதான் முடியவில்லை. கடைசியில் அப்படிப்பட்ட ஒவ்வொரு மெஷின் முன்னாலும் ஒரு ஆள் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, கெட்ட கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. சேஃப் மோடு என்றால், மிகத் தேவையானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எழுவது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அந்த மெஷின்கள் எழவில்லையே தவிர, அவற்றில் இருந்த கோப்புகள் அப்படியே இருந்தன. ஓ.எஸ். எழாததும் நம் போட்டோ, சர்ட்டிபிகேட் அழிவதும் இரண்டு வேறு விஷயங்கள்.

அந்தத் தாயாரின் லேப்டாப்புக்கு என்ன ஆயிற்று?

எங்கள் அலுவலகத்தில் உதவிக்கு வரும் கல்லூரி மாணவர் ஒருவர் முதலில் கேட்டது இதைத்தான்: "மாமி, இந்தத் திரை வந்ததும் நீங்க என்ன செஞ்சீங்க?"

"பயந்துபோய் அமுக்கி ஆஃப் பண்ணிட்டோம் தம்பி. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்."

லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சார்ஜர் ஒயரில் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. எழுந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போயிருக்கிறது. திரும்ப முயன்றார்கள், மறுபடியும் கரண்ட் போயிருக்கிறது. இரண்டு தோல்வி கணக்கில் ஏறிவிட்டது. மூன்றாவது முறை அது பழுதுபார்க்கத் தொடங்கியது. வீட்டில் பயந்து அதையும் பாதியில் நிறுத்தினார்கள். இப்படியே நான்கைந்து நாள்.

யு.பி.எஸ். இணைப்பில் லேப்டாப்பைப் போட்டு, செருகியிருந்த பென்டிரைவைக் கழற்றிவிட்டு, யாரும் தொடாமல் விட்டோம். டிஸ்க்கைச் சரிபார்க்கும் சதவீதம் நத்தைபோல நகர்ந்தது. தானாக இரண்டு முறை ரீஸ்டார்ட் ஆனது. அஸருக்குத் தொடங்கியது, மஃரிப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன் பாஸ்வேர்டு கேட்கும் திரை வந்தது. அல்ஹம்துலில்லாஹ், எல்லாக் கோப்பும் இருந்தன. அவற்றைப் பென்டிரைவில் நகல் எடுத்த பிறகே மற்ற வேலை. மறுநாள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

பிறகு அந்த மாணவர் "ஈவென்ட் வியூவர்" என்ற பதிவேட்டைத் திறந்து காட்டினார். திடீரென அணைந்த நேரங்கள் வரிசையாக இருந்தன. கரண்ட் போன மாலை நேரங்களோடு அவை ஒத்துப்போயின. ஓ.எஸ். கெடவில்லை. தேவைப்பட்டது ஒரு புதிய பேட்டரி மட்டுமே.

எல்லா லேப்டாப்பும் இப்படி எளிதாகத் திரும்பிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. டிஸ்க்கே கெட்டிருந்தால் இந்த வழி உதவாது. ஆனால் அழிக்கும் முன் பதிவைப் பார்த்துவிட்டால் எது கெட்டது என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம்.

நீங்களே பதிவைப் பார்க்கலாம்

விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து "ஈவென்ட் வியூவர்" என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே எண்களைப் பாருங்கள்:

6005 – ஓ.எஸ். எழுந்து பதிவேடு திறக்கப்பட்டது.
6006 – முறைப்படி அணைக்கப்பட்டது.
6008 – இதற்கு முன் திடீரென அணைந்துவிட்டது.
41 – முறைப்படி அணையாமல் மறுபடி எழுந்தது. கரண்ட் போனாலும், மெஷின் உறைந்து நின்றாலும், பட்டனை அமுக்கி அணைத்தாலும் இது வரும்.

6005-ம் 6006-ம் மாறி மாறி வந்தால் நலம். 6008-ம் 41-ம் அடிக்கடி வந்தால் அந்த நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போன நேரம் என்றால் பேட்டரியைப் பாருங்கள். கரண்ட் இருந்தபோதே என்றால் சூடு, ரேம், டிஸ்க் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இந்த எண்கள் குழப்பமாக இருந்தால் "ரிலையபிலிட்டி" என்று தேடித் திறக்கலாம். நாள்வாரியாகப் படம்போலக் காட்டும், சிவப்புப் பெருக்கல் குறி உள்ள நாளில் ஏதோ நடந்திருக்கிறது. லினக்ஸ் என்றால் டெர்மினலில் "லாஸ்ட் ரீபூட்" என்று ஆங்கிலத்தில் தட்டினால் எப்போதெல்லாம் எழுந்தது என்ற பட்டியல் வரும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். திரையில் வரும் எழுத்தைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

2. பென்டிரைவ், மெமரி கார்டு, பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை முயலுங்கள். சில மெஷின்கள் பென்டிரைவில் ஓ.எஸ். தேடிவிட்டு "இல்லை" என்று நின்றுவிடும்.

3. பழுதுபார்க்கும் திரையோ அப்டேட் சதவீதமோ ஓடிக்கொண்டிருந்தால் பட்டனை அமுக்காதீர்கள். கரண்ட் நிலையாக இருக்கும் இடத்தில் வைத்துப் பொறுத்திருங்கள்.

4. டிஸ்க்கில் இருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மட்டும் திரும்பத் திரும்ப முயலாதீர்கள். உடனே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

5. "ஓ.எஸ். புதுசா போடணும்" என்றால் "முதலில் ஃபைல்களை எடுத்துக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் உள்ளவை பொதுவாக சி டிரைவில்தான் இருக்கும், அழிவதும் அதுதான். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்தோ, பென்டிரைவில் உள்ள லினக்ஸால் திறந்தோ பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

6. புதிய லேப்டாப்பில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பழுதான நேரத்தில் 48 இலக்க ரெகவரி எண் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் மறக்க வேண்டாம்.

7. விண்டோஸ் 8 முதல் "ஷட் டவுன்" கொடுத்தாலும், வேகமாக எழுவதற்காக ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. முழுப் புதுத் தொடக்கம் வேண்டுமானால் "ரீஸ்டார்ட்" கொடுங்கள். வாரம் ஒருமுறை செய்தால் நல்லது.

8. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மெனுவில் இரண்டு பெயர் தெரிந்தாலோ, பழகாத திரை வந்தாலோ அது கோளாறு இல்லை. ரீஸ்டார்ட் செய்து வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள்.

9. சர்ட்டிபிகேட், ஆதார், குடும்ப அட்டை நகல்கள், மறக்க முடியாத போட்டோக்கள் எல்லாவற்றுக்கும் இன்னொரு நகல் இன்னொரு இடத்தில் இருக்கட்டும்.

இந்த ஒன்பதில் ஒன்றைத்தான் இன்றே செய்ய முடியும் என்றால் கடைசி ஒன்றைச் செய்யுங்கள். ஓ.எஸ்.-ஐ எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். நகல் இல்லாமல் போன போட்டோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எழ மறுத்தால், அழிப்பதற்கு முன் ஒருமுறை அஸர் தொழுகைக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள், சார்ஜரையும் மறக்காமல். பதிவைப் பார்த்துச் சொல்வதற்கு நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் படிக்கும் மாணவ, மாணவியர் வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்க முடிந்தால் அவர்களும் பெயர் கொடுக்கலாம். விண்ணப்பக் காலம் தொடங்குமுன் இரண்டு பேராவது கூடுதலாக வேண்டும். இன்ஷா அல்லாஹ், இந்த ஆண்டு கடைசி தேதியில் யாரும் கண்ணீரோடு வரக் கூடாது.